பல்வங்கர் பாலு

செங்கற்பட்டுக் கடற்கரை கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகத் தெற்கு நோக்கி நீண்டு கிடப்பது. அக்கரையில் மீனவர் கரைவலை இழுக்கும் முறை காணத்தக்கது. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் நிற்பவரிடம் விட்டுவிட்டுச் சிலர் படகேறிக் கடலுள் செல்வர். வலையை அரைவட்டமாக விரித்துக்கொண்டே சென்று, மறுகயிற்றுடன் சற்றுத் தொலைவில் கரை சேர்வர். பின்னர் இருசாரார் இருபுறமும் நின்று கயிறுகளை இழுப்பர். ஒருபுறத்தார் தளர்ந்தால் வலை கோணும். அகப்பட்ட மீன்கள் தப்பிவிடும். மறுபுறத்தார் தளரார் என்னும் நம்பிக்கை இருபுறமும் இருப்பதனாலேயே வலை கரைக்கு வருகின்றது.

குழுவாக நின்று ஆடும் ஆட்டங்களின் இயல்பும் இத்தகையதே. கிரிக்கெட்டு ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். அவருள் ஒருவர் பந்து வீசுவார். ஒருவர் விக்கெட்டின் பின்னின்று காப்பார். மற்றையோர் களத்தில் பரந்து நின்று பந்தைத் தடுப்பர், பிடிப்பர். இவர்கள் எல்லாரையும் உரிய இடங்களில் நிறுத்தி ஆட்டத்தை நடத்துபவர் அணித்தலைவர். இவர்கள் ஒருவரையொருவர் நம்பாராயின், பதினொருவர் இருப்பினும் அணி என ஒன்று இல்லை.

ஒருவரை நம்பும் முறையைத் திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில் வகுத்துரைத்தார். ஆராயாமல் ஒருவரை நம்புதலும் தவறு. ஆராய்ந்து நம்பியபின் அவரிடத்து ஐயங்கொள்ளுதலும் தவறு என்பது அவர் கருத்து. அரசர்க்கென வகுத்த இந்நெறி ஆடுகளத்திற்கும் பொருந்துவதே. நம் நாட்டில், ஆற்றலால் பலகாலும் ஆராய்ந்து தேறப்பட்ட பின்னரும், பிறப்பைக் காரணமாகக் காட்டி ஐயுறப்பட்ட வீரர் ஒருவர் இருந்தார். அவரே இந்தியாவின் முதற்பெரும் பந்துவீச்சாளர் எனப் போற்றப்படும் பல்வங்கர் பாலு ஆவார்.

இளமை

பாலு 1876-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19-ஆம் நாள் தார்வாடு நகரில் பிறந்தார். தார்வாடு இன்று கருநாடக மாநிலத்தில் உள்ளது. அவர் முன்னோர் மேற்குக் கடற்கரையில் கொங்கண நாட்டினர். அவர் பிறந்தது தோல் தொழிலுக்கு உரியதாகக் கருதப்பட்ட சமார் குலம். அக்காலச் சமுதாயம் அக்குலத்தாரைத் தீண்டத்தகாதவர் எனக் கூறி ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைத்திருந்தது. பொதுக் கிணற்றில் நீர் முகக்கவும், கோயிலுள் நுழையவும், பிறரோடு ஒரு வரிசையில் அமர்ந்து உண்ணவும் அவர்கட்கு உரிமை இல்லை.

பாலுவின் தந்தையார் இராணுவத்தைச் சார்ந்த பணியில் இருந்தார். ஆதலின் குடும்பம், இன்று புணே எனப்படும் பூனா நகரில் வாழலாயிற்று. அங்கே படைவீரர்களும் ஆங்கில அதிகாரிகளும் கிரிக்கெட்டு ஆடுவது வழக்கம். அவர்கள் கழித்துவிட்ட மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் அவர் தம்பி சிவராமும் ஆட்டம் பழகினர். பயிற்றுவிக்க ஆசிரியர் எவரும் இலர். கண்ணாற் கண்டதையே கையாற் செய்து பார்த்து அவர்கள் தேர்ச்சி பெற்றனர்.

குடும்பத்தின் வறுமையால் பாலு கல்வியைத் தொடர இயலவில்லை. பூனாவில் பார்சிகள் நடத்திய ஆட்டக் கழகம் ஒன்றில் அவர் பணிக்கு அமர்ந்தார். ஆடுகளத்தைப் பெருக்குவதும், உருளை கொண்டு சமன் செய்வதும் அவர் வேலை. மாத ஊதியம் மூன்று ரூபாய். 1892-ஆம் ஆண்டளவில் ஐரோப்பியர்க்கு உரிய பூனாக் கழகத்தில் நான்கு ரூபாய் ஊதியத்திற்குச் சேர்ந்தார். அங்கும் களம் சமன் செய்தல், வலை கட்டுதல், கோடு இடுதல் முதலியனவே அவர் பணிகள். வேலை ஓய்ந்த நேரத்தில், பயிற்சி செய்யும் ஐரோப்பியர்க்கு அவர் பந்து வீசுவார்.

அவருள் கிரேக் என்பவர் மட்டை பிடிப்பதில் வல்லவர். இவர் பிறர் வருமுன்னரே களத்திற்கு வந்து, பாலுவைப் பந்து வீசச் செய்து பழகுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா பரிசளித்தார் என்று கூறுவர். இவ்வாறு நாடோறும் சிறந்த வீரர் ஒருவரை எதிர்த்து வீசியதால் பாலுவின் கை செம்மை பெற்றது. ஆயினும், பந்து வீசிய அவருக்கு ஒரு நாளேனும் மட்டை பிடிக்க வாய்ப்பு அளிக்கப்படவில்லை. வியர்வை சிந்தி வீசுவது பணியாளர்க்கு உரியது. மட்டை பிடித்து ஆடுவது மேலோர்க்கு உரியது என்னும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியிருந்தது.

பாலு இடக்கையால் மெதுவாகப் பந்து வீசுபவர். பந்தினை இருபுறமும் திரும்புமாறு சுழற்றவும், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் எதிரியை மயக்கவும், குறித்த இடத்திலேயே நெடுநேரம் வீசவும் அவர் வல்லவர். இவ்வகை வீச்சின் நுட்பம் ஈண்டு அறியத்தக்கது. விரைவாக வீசுவோர் வேகத்தால் எதிரியை அச்சுறுத்துவர். மெதுவாக வீசுவோரோ, அடிக்கத்தக்க பந்து போலத் தோன்றுமாறு வீசி, எதிரியை அடிக்குமாறு தூண்டுவர். அடிக்க முயல்பவர் தவறுங்கால் பந்து உயரே எழும்; அதனைப் பிடிக்கத் தோழர் ஒருவர் உரிய இடத்தில் நிற்றல் வேண்டும். மட்டை வீரர் கோட்டைத் தாண்டி முன்வந்து பந்தைத் தவறவிடின், பின்னிற்கும் காப்பாளர் கணப்பொழுதில் விக்கெட்டைத் தகர்த்தல் வேண்டும். சில பந்துகள் அடிபட்டு ஓட்டங்கள் போயினும், அணித்தலைவர் பொறுமையிழந்து வீச்சாளரை மாற்றிவிடலாகாது. ஆதலின் இவ்வகை வீச்சாளரின் வெற்றி அவர் கையில் மட்டும் இல்லை. தோழர் அவர்மீதும், அவர் தோழர்மீதும் வைக்கும் நம்பிக்கையிலும் உள்ளது.

களத்தில் தோழர், புறத்தில் அயலார்

பூனாவில் இந்து இளைஞர்கள் நடத்திய ஆட்டக் கழகம் ஒன்று இருந்தது. ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்பது அவர்கள் வேட்கை. ஐரோப்பியர்க்கே நாடோறும் வீசி அவர்தம் வலிமையையும் குறையையும் அறிந்த பாலு அதே நகரில் இருந்தார். அவரை அணியில் சேர்த்தால் வெற்றி கிட்டும். ஆயினும் தாழ்த்தப்பட்ட குலத்தவர் ஒருவருடன் சேர்ந்து ஆடலாமா என்னும் ஐயம் எழுந்தது. சிலர் வேண்டும் என்றனர், பலர் தயங்கினர். பாலுவின் ஆற்றலை நேரில் அறிந்த கிரேக், அவரை விலக்குவது இந்துக்களுக்கே இழப்பாகும் என்று கருத்துரைத்தார். இறுதியில் பாலு சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

அவர் சேர்ந்தபின் அணி வெற்றிமேல் வெற்றி பெற்றது. ஆனால் அவ்வெற்றியின் நடுவே நிகழ்ந்தது யாது? ஆடுங்கால் எல்லாரும் ஒரே பந்தைத் தொட்டனர். பாலுவின் கைபட்ட பந்தையே மற்றையோரும் பிடித்தனர்; அதனால் எவர்க்கும் தீட்டு நேரவில்லை. இடைவேளை வந்ததும் நிலை மாறியது. மற்றையோர் கூடத்தினுள் அமர்ந்து தேநீர் பருகினர். பாலுவுக்கோ கூடத்திற்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடத்தக்க மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. முகம் கழுவ விரும்பின், அவர் குலத்தைச் சேர்ந்த பணியாளரே நீர் வார்த்தல் வேண்டும். உணவும் அவருக்குத் தனி இடத்தில் தனித்தட்டில் அளிக்கப்பட்டது. பந்தினை அவர் கையில் ஒப்படைத்து வெற்றியைக் கேட்டவர்கள், குவளையை அவர் கையில் கொடுக்க அஞ்சினர்.

அந்நிலையிலும் பாலு தம் கடமையில் வழுவவில்லை. சாதாரா நகரத்து ஐரோப்பியருடன் நடந்த ஆட்டத்தில், அவர் வீச்சுப் பயன்படாதவாறு களத்தைப் பலநாள் உருட்டி இறுக்கி வைத்திருந்தனராம். அவ்வாறிருந்தும் பாலு ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார் எனக் கூறுவர். அவருக்குப் பாராட்டு நிகழ்ந்தது. அறிஞரும் சீர்திருத்தவாதியுமான மகாதேவ கோவிந்த இரானடே பாலுவைப் போற்றிப் பேசினார். பாலுவுடன் சேர்ந்து ஆட இயலுமாயின் சேர்ந்து உண்ணவும் இயலும் அன்றோ என்று அவர் தோழர்களை இடித்துரைத்தார். களத்து நம்பிக்கை களத்தோடு நின்றுவிடலாகாது என்பதைப் பலரறிய எடுத்துக் காட்டியவருள் இரானடே முன்னவர்.

பம்பாய் நகரில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூனாவில் பிளேக்கு நோய் பரவியது. அக்காலத்தில் பாலு, இன்று மும்பை எனப்படும் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். அங்கே இரயில்வேயில் பணி பெற்று, அதன் அணிக்காக ஆடினார். 1894-ஆம் ஆண்டு நிறுவப்பட்டிருந்த இந்து ஜிம்கானாவிலும் அவரைச் சேர்க்கும் முயற்சி நடந்தது. உறுப்பினருள் சிலர் மறுத்தனர். எனினும் ஆற்றலை மதித்தோர் கருத்தே வென்றது. பாலுவும், பின்னர்ச் சிவராமும் அவ்வணியில் இடம்பெற்றனர். பூனாவில் காணாத மாற்றமொன்று பம்பாயில் விளைந்தது. அணித்தோழர்கள் அவ்விருவருடன் ஒன்றாக அமர்ந்து உண்ணத் தொடங்கினர்.

அதன் பயன் 1906-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் வெளிப்பட்டது. அத்திங்களில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். இந்துக்கள் முதலில் ஆடி 242 ஓட்டங்கள் எடுத்தனர்; ஐரோப்பியர் 191 எடுத்தனர். இரண்டாம் முறை இந்துக்கள் 160 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தனர். ஐரோப்பியர் வெல்ல 212 ஓட்டங்கள் வேண்டியிருந்தன. அத்தருணத்தில் பாலு வீசிய பந்துகள் அவர்களைத் திணறச் செய்தன. அவர்கள் 102 ஓட்டங்களுக்குள் சுருண்டனர். இந்துக்கள் 109 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றனர். இரு முறையும் சேர்த்துப் பாலு எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார். ஆள்வோரை ஆளப்படுவோர் அவர்தம் ஆட்டத்திலேயே வென்றனர் என்று நாடெங்கும் மகிழ்ச்சி பரவியது.

அவ்வெற்றியின் உட்பொருளை நன்கு உணர்ந்த இதழ் ஒன்று அக்காலத்தில் இருந்தது. அது சென்னையில் 1890-ஆம் ஆண்டு தோன்றி, 1898-இல் பம்பாய்க்கு மாறிய இந்தியச் சமூகச் சீர்திருத்தவாதி என்னும் ஆங்கில வார இதழ். அதன் ஆசிரியர் தமிழரான காமாட்சி நடராசன். வெற்றியைக் காட்டிலும், பாலு உடன்பிறந்தாரை அணியில் ஏற்று உடனுண்ட செயலே போற்றத்தக்கது என்று அவ்விதழ் எழுதியது. மேடைப் பேச்சுகளால் விளையாத உளமாற்றம் ஆடுகளத்தால் இளைஞரிடையே விளைந்தது என்பது அதன் கருத்து.

இங்கிலாந்துப் பயணம்

1911-ஆம் ஆண்டு அகில இந்திய அணி ஒன்று இங்கிலாந்து சென்றது. இந்துக்கள், முசுலிம்கள், பார்சிகள், சீக்கியர் எனப் பல சமயத்தவரும் அவ்வணியில் இருந்தனர். அதன் தலைவர் பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங்கு. அவர் பல ஆட்டங்களில் பங்குகொள்ளவில்லை. ஒருவரோடொருவர் சேர்ந்து ஆடிப் பழகாத அவ்வணி, குளிர்மிகுந்த அயல்நாட்டில் பல தோல்விகளைக் கண்டது. முதல்தர ஆட்டங்கள் 14-இல் வென்றவை இரண்டே; தோற்றவை 10.

அத்தோல்விகளுக்கிடையே ஒளிவிட்டவர் பாலு. அப்பொழுது அவருக்கு வயது 35. தோளில் வலியும் இருந்தது. வேறு வீச்சாளர் பலர் சோர்ந்தபோதும் அவர் ஓயாது வீசினார். அப்பயணத்தில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 114. அவற்றுள் முதல்தர ஆட்டங்களில் வீழ்த்தியவை 75. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒரே முறையில் எட்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார். அணி பெற்ற இரு முதல்தர வெற்றிகளுள் ஒன்று இலெசுட்டர்சயர் அணிக்கு எதிராகப் பாலுவின் வீச்சால் வந்தது. மற்றொன்று சாமர்செட்டு அணிக்கு எதிராகச் சிவராம் ஆட்டமிழக்காமல் நின்று நூறு ஓட்டங்களுக்கு மேல் எடுத்ததால் வந்தது.

அப்பயணத்தில் விக்கெட்டுக் காப்பாளராக நின்றவர் தென்னாட்டவரான சேசாச்சாரி. தாழ்த்தப்பட்ட குலத்தவர் வீசிய பந்தை உயர்ந்ததெனப்பட்ட குலத்தவர் கையேந்திப் பெற்றார். பந்து எப்பக்கம் திரும்பும் என்பதைக் காப்பாளர் முன்னரே உணர்தல் வேண்டும். உணர்ந்து நிற்பார் என்று வீச்சாளர் நம்புதல் வேண்டும். இவ்விருவரிடையே குலவேற்றுமைக்கு இடம் எங்கே?

பாலு தாயகம் திரும்பியதும் பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஒன்றுகூடி அவரை வரவேற்றனர். அவ்விழாவில் பாராட்டுரை வழங்கியவர் அப்பொழுது மாணவராக இருந்த பீமராவ் அம்பேத்கர் என்பர். ஆடுகளத்தில் உயர்ந்த பாலு, அம்மக்களுக்கு நம்பிக்கையின் வடிவாக விளங்கினார்.

மறுக்கப்பட்ட தலைமை

பம்பாயில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள் ஆகிய மூவகையாரும் ஆண்டுதோறும் போட்டியிட்டனர். 1912 முதல் முசுலிம்களும் சேர்ந்தமையால் அது நாற்புறப் போட்டியாயிற்று. பாலுவின் தம்பியர் சிவராம், கணபத், விட்டல் ஆகிய மூவரும் நாளடைவில் இந்துக்கள் அணியில் இடம்பெற்றனர். ஒரு வீட்டு உடன்பிறந்தார் நால்வர் ஓரணியில் ஆடிய அருமை அது.

வயதாலும் அனுபவத்தாலும் ஆற்றலாலும் பாலு அவ்வணியின் மூத்தவர். ஆயினும் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் அவர் பெயர் ஒதுக்கப்பட்டது. பந்து வீச அவரை நம்பினர், உடனுண்ணவும் இசைந்தனர். அவர் சொற்கேட்டுப் பத்துப் பேர் நிற்க வேண்டும் என்னும் நிலை வந்தபோது மட்டும் தயங்கினர். ஆராய்ந்து தேறியபின் ஐயுறுதல் என்று திருவள்ளுவர் கடிந்த குற்றம் இதுவேயாகும். அணித்தலைவராக விளங்கிய பாய் என்பவர் நடுநிலையாளர். 1913-ஆம் ஆண்டளவில் தமக்கு நடந்த பாராட்டு விழாவில், இப்பெருமை பாலுவுக்கே உரியது என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். தமக்குக் கிடைத்த சிறப்பைப் பிறர்க்கு உரியதென ஒப்புக்கொள்ளும் உள்ளம் எளிதில் வாய்ப்பதன்று.

1920-ஆம் ஆண்டுப் போட்டியில் நிலை முற்றியது. பாய் நோயுற்றமையால் புதிய தலைவர் ஒருவரைத் தேர வேண்டியிருந்தது. பாலுவோ அணியிலிருந்தே நீக்கப்பட்டிருந்தார். அவர் தம்பி விட்டல் தேர்ந்த மட்டை வீரர். அவருக்கும் தலைமை அளிக்கப்படவில்லை. இளைஞரான தேவதர் தலைவரானார். குலம் ஒன்றே காரணமாகத் தம் குடும்பத்தார் புறக்கணிக்கப்பட்டனர் என்று கருதிய சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகினர். விலகியதன் காரணத்தையும் அறிக்கையாக வெளியிட்டனர். பூசலிட்டு விலகவில்லை, தன்மானத்தைக் காத்துக்கொள்ளவே விலகினர். அவர்கள் பக்கம் நியாயம் உண்டெனப் பலரும் உணர்ந்தனர்.

பார்சிகளுடன் இறுதி ஆட்டம் நடப்பதற்குள் உடன்பாடு பிறந்தது. நலமடைந்த பாய் மீண்டும் தலைவரானார். பாலு துணைத்தலைவராக அமர்த்தப்பட்டார். தம்பியரும் திரும்பினர். ஆட்டத்தின் நடுவே பாய் களத்தைவிட்டுச் சிறிது நேரம் அகன்றபோது, அணியை நடத்தும் பொறுப்புப் பாலுவிடம் வந்தது. பல்லாண்டு மறுக்கப்பட்ட தலைமையை அவர் அச்சிறிது நேரமேனும் ஏற்று நடத்தினார்.

மூத்தவர்க்கு முழுமையாகக் கிட்டாத பேறு இளையவர்க்குக் கிட்டியது. 1923-ஆம் ஆண்டு விட்டல் இந்துக்கள் அணியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டில் அவ்வணியே வாகை சூடியது. வெற்றி பெற்ற தலைவரை உயர்குலத்து இளைஞர்களே தோளில் தூக்கி மகிழ்ந்தனர். அண்ணனின் கையில் மண்குவளை தந்த காலத்திற்கும், தம்பியைத் தோள்மீது ஏற்றிய காலத்திற்கும் இடையே கழிந்தது ஏறத்தாழ ஒரு தலைமுறையே.

முதல்தர ஆட்டங்களில் பாலு ஆடியவை 33. வீழ்த்திய விக்கெட்டுகள் 179. ஒரு விக்கெட்டுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் சராசரியாக 15-க்குச் சற்று மிகுதி. அவர் காலத்து இந்தியருள் இத்தகைய திறனுடையார் மிகச் சிலரே.

பொதுவாழ்வும் செங்கற்பட்டுப் பெரியோரும்

ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றபின் பாலு தம் மக்களின் உரிமைக்காகப் பொதுவாழ்வில் ஈடுபட்டார். அவ்வாழ்வில் செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த பெரியோர் இருவர் பெயரோடு அவர் பெயரும் இணைந்தது. ஒருவர், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் ஊரிற் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். மற்றொருவர், அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பரங்கிமலையில் பிறந்த எம். சி. இராசா. இருவரும் தாழ்த்தப்பட்ட மக்களின் உயர்வுக்கு உழைத்தவர்கள்.

1932-ஆம் ஆண்டில் தாழ்த்தப்பட்டோர்க்குத் தனித்தொகுதி வேண்டுமா, கூட்டுத்தொகுதியில் இட ஒதுக்கீடு வேண்டுமா என்னும் வழக்கு எழுந்தது. அம்பேத்கரும் சீனிவாசனும் தனித்தொகுதியே காப்பு என்றனர். பிற மக்களை நம்பி விடுவதற்குப் பல நூற்றாண்டுப் பட்டறிவு அவர்களுக்கு இடந்தரவில்லை. இராசாவும் பாலுவும் கூட்டுத்தொகுதியை ஆதரித்தனர். ஒன்றாக ஆடியே உள்ளங்களை மாற்றலாம் என்பதைப் பாலுவின் வாழ்க்கை ஓரளவு காட்டியிருந்தது. இரு சாராரும் விரும்பியது தம் மக்களின் நலத்தையே. எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் வேறுபட்டனர்.

காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். பலநாள் கலந்துபேசியபின், 1932-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் உருவாயிற்று. கூட்டுத்தொகுதி முறையில் மாகாணச் சட்டசபைகளில் தாழ்த்தப்பட்டோர்க்கு 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்வொப்பந்தத்தில் அம்பேத்கர், சீனிவாசன், இராசா ஆகியோருடன் பாலுவும் கையொப்பமிட்டார். மண்குவளையில் தேநீர் தரப்பெற்ற அதே பூனாவில், நாட்டின் தலைவர்களோடு ஒருங்கே நின்று அவர் கையெழுத்திட்டது நினைத்தற்குரியது.

1937-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரசின் சார்பில் அம்பேத்கரை எதிர்த்துப் பாலு போட்டியிட்டார். வெற்றி அம்பேத்கரையே சார்ந்தது. கருத்தால் எதிரெதிர் நின்றபோதும், இருவர் நோக்கமும் ஒடுக்கப்பட்டோர் உயர்வே.

இறுதிக் காலம்

சமய வாரியாக அணி பிரித்து ஆடும் முறை நாளடைவில் மறைந்தது. மாகாண வாரியாக ஆடும் இரஞ்சிக் கோப்பைப் போட்டி 1934-ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் முதல் ஆட்டம் அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் சென்னை அணிக்கும் மைசூர் அணிக்கும் இடையே நடந்தது. சமயப் பெயர் தாங்கிய பம்பாய்ப் போட்டியும் 1946-ஆம் ஆண்டோடு நின்றது. இன்ன சமயத்தார், இன்ன குலத்தார் என்று பாராது, இன்ன ஊரார் என்று கூடி ஆடும் நெறி நிலைபெற்றது. அம்மாற்றத்தைப் பாலு தம் கண்ணாற் கண்டார்.

1955-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4-ஆம் நாள், எழுபத்தொன்பதாம் வயதில் அவர் பம்பாயில் இயற்கை எய்தினார்.

பாலு எதிரியை வசைபாடிப் புகழ் பெறவில்லை. தம்மை இழித்தோரையும் பந்து வீசியே வென்றார். வெளியே அமர்த்தப்பட்டபோதும், இடைவேளை முடிந்ததும் களம் புகுந்து அதே தோழர்களை நம்பிப் பந்தைச் சுழற்றினார். அவர் வைத்த நம்பிக்கை முழுமையானது. அவர்மீது பிறர் வைத்ததோ பல்லாண்டு பாதியளவினது. அப்பாதி முழுமையாவதற்குக் கிரேக், இரானடே, பாய் போன்ற நடுநிலையாளர் பேச வேண்டியிருந்தது. சிவராமும் விட்டலும் விலகி நின்று காட்ட வேண்டியிருந்தது.

பள்ளியில் அணி அமைத்து ஆடும் மாணவர் இவ்வரலாற்றை உளத்திற் கொள்ளுதல் நன்று. தோழரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆற்றலையும் ஒழுக்கத்தையும் ஆராய்தல் வேண்டும். பிறப்பையும் செல்வத்தையும் ஆராய்தல் வேண்டா. தேர்ந்தெடுத்தபின் அவரைக் களத்திலும், உண்ணும் இடத்திலும், தலைமை அளிக்கும் நேரத்திலும் ஒரு தன்மையாகவே நம்புதல் வேண்டும். ஒருவர் தவறிப் பந்தை நழுவவிட்டால் சினவாது, அடுத்த பந்தை அவர் பிடிப்பார் என்று நிற்றல் வேண்டும். அவ்வாறு நிற்கும் அணி ஒருகால் தோற்பினும், மறுநாள் அதே பதினொருவராய்க் களம் புகும்.